'பெரிய' என்பது எவ்வளவு பெரியது?

தமிழ்நாட்டின் உள்ளாட்சி அமைப்புகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று அமையும். இந்த வரிசையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'பேர்' என்ற பெருமைச் சொல்லை முன்னால் வைத்திருக்கும் பேரூராட்சி, அப்படிப்பட்ட அடைமொழி எதுவும் இல்லாத நகராட்சிக்குக் கீழே நிற்கிறது. 'மா' என்ற பெருமைச் சொல்லைக் கொண்ட மாநகராட்சியோ எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. அகராதியைத் திறந்தால் 'பேர்', 'மா' ஆகிய இரண்டுக்கும் 'பெரிய' என்றே பொருள் போட்டிருக்கும். பொருள் ஒன்றாக இருக்கும்போது நிலை மட்டும் ஏன் வேறுபட வேண்டும்?

பருமை குறித்த தமிழ்ச் சொற்களைப் பற்றிப் பரவலாக நிலவும் தவறான எண்ணங்கள் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன. 'பெரிய' என்றால் ஏதோ ஒரு திட்டமான அளவு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பள்ளிப் பயிற்சி ஏடுகளிலும் தேர்வுக் குறிப்புகளிலும் 'மாபெரும், பிரம்மாண்டமான, விசாலமான, மகத்தான, இமாலய' என்று அடுக்கப்படும் சொற்களை ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளலாம் என்றும் நம்புகிறோம். இரண்டு எண்ணங்களும் சரியல்ல. அவை ஏன் சரியல்ல என்று புரிந்துகொண்டால், ஒருபொருட்சொற்கள் என்று நாம் அழைப்பவை ஒரு மொழிக்குள் எப்படி வேலை செய்கின்றன என்பதும் புரிந்துவிடும்.

அளவைச் சொல்லாத அளவுச் சொல்

நெல்லை மரக்காலால் அளந்தார்கள், துணியை முழத்தால் அளந்தார்கள், பொன்னைக் குன்றிமணியால் நிறுத்தார்கள். மூன்றும் அளவைகள்தாம். ஆனாலும், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துவிட முடியாது; எதை அளக்கிறோம் என்பதே எதனால் அளக்கிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது. 'பெரிய' என்ற சொல்லும் இப்படித்தான் இயங்குகிறது. அதனிடம் சொந்தமாக ஓர் அளவுகோல் கிடையாது. தனக்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல்லிடமிருந்தே அது அளவுகோலைப் பெற்றுக்கொள்கிறது.

'பெரிய எறும்பு' என்று சொல்லும்போது, எறும்புகள் வழக்கமாக எவ்வளவு இருக்குமோ அதைவிட மிகுந்தது என்று பொருள். 'சிறிய யானை' என்றால், யானைகள் வழக்கமாக இருப்பதைவிடக் குறைந்தது என்று பொருள். அந்தச் சிறிய யானை அந்தப் பெரிய எறும்பைவிடப் பல லட்சம் மடங்கு எடை கொண்டது என்பதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. ஏனெனில், நாம் எறும்பை எறும்புகளோடும் யானையை யானைகளோடும்தான் ஒப்பிடுகிறோம். இவ்வாறு, தன் இனத்தோடு வைத்துப் பார்த்தால் மட்டுமே பொருள் தரும் பண்பை ஒப்பீட்டுப் பண்பு என்று சொல்லலாம். வட்டம், சதுரம் போன்றவை அப்படியல்ல. ஒரு தட்டு வட்டமா இல்லையா என்று அறிய மற்றத் தட்டுகளைப் பார்க்க வேண்டியதில்லை.

உள்ளாட்சிப் பெயர்களின் புதிர் இங்கேயே அவிழ்ந்துவிடுகிறது. பேரூர் என்பது ஊர்களுக்குள் பெரியது. மாநகர் என்பது நகரங்களுக்குள் பெரியது. 'பேர்' என்ற சொல் ஊரின் அளவுகோலை எடுத்துக்கொண்டது, 'மா' என்ற சொல் நகரின் அளவுகோலை எடுத்துக்கொண்டது. ஊர்களில் மிகப் பெரியதாக இருந்தாலும், நகரம் என்ற அடுத்த இனத்தின் வாசலுக்கு வந்துவிட்டால் அது சிறியதாகிவிடுகிறது.

இதுவரை பார்த்ததைத் தொகுத்துச் சொன்னால், 'பெரிய' என்பது அளவைச் சொல்வதில்லை, 'இந்த இனத்தில் வழக்கமான அளவைத் தாண்டியது' என்ற செய்தியை மட்டுமே சொல்கிறது. எந்த இனம் என்பதைப் பெயர்ச்சொல் சொல்கிறது.

எந்தப் பக்கத்தில் பெரியது?

இனம் தெரிந்துவிட்டால் போதுமா என்றால், போதாது. ஒரு பொருள் நீளத்தில் பெரியதாக இருக்கலாம், அகலத்தில் பெரியதாக இருக்கலாம், உயரத்திலோ ஆழத்திலோ பருமனிலோ பெரியதாக இருக்கலாம். 'பெரு' என்ற சொல் இவற்றில் எதைக் குறிக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும்.

நம் உடலுக்குள்ளேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. வளர்ந்த மனிதரின் சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம் கொண்டது. பெருங்குடலின் நீளமோ சுமார் 1.5 மீட்டர்தான். நான்கு மடங்கு நீளமானதைச் 'சிறு' என்றும் குட்டையானதைப் 'பெரு' என்றும் அழைக்கிறோம். காரணம், இந்தப் பெயர் நீளத்தைப் பார்த்து வைக்கப்பட்டதல்ல, குழாயின் விட்டத்தைப் பார்த்து வைக்கப்பட்டது. பெருவிரலின் கதையும் இதுவே. கையில் நடுவிரல்தான் மிக நீளமானது. ஆனால், பருமன் மிகுந்தது எதுவோ அதற்கே 'பெருவிரல்' என்ற பெயர் கிடைத்தது.

இப்படி எந்தப் பக்கம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டிய இடங்களுக்காகத் தமிழ் தனித்தனிச் சொற்களை வைத்திருக்கிறது. நீளத்துக்கு 'நெடு', அகலத்துக்கு 'அகல்', 'வியல்', உயரத்துக்கு 'ஓங்கு', 'உயர்' என்பவை அவற்றில் சில. தொல்காப்பியத்தின் உரியியல் 'வியல் என் கிளவி அகலப் பொருட்டே' என்று ஒரே வரியில் இதைத் தீர்த்துவைக்கிறது. 'விரிநீர் வியனுலகத்து' என்று குறள் 13 உலகத்தைச் சொல்லும்போது, பரந்துகிடக்கும் உலகம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். உயர்ந்த உலகம் என்று எடுத்துக்கொள்வதில்லை.

சாலைகளின் பெயர்களில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். சோழர் காலத்தில் ஊர்களை இணைத்த முதன்மைச் சாலைகள் 'பெருவழி' எனப்பட்டன. கோவை வட்டாரத்தில் கிடைத்த கல்வெட்டொன்று இராசகேசரிப் பெருவழி என்ற சாலையின் பெயரைச் சொல்கிறது. இன்று அதே வகைச் சாலையை 'நெடுஞ்சாலை' என்கிறோம். பழைய பெயர் வழிகளுக்குள் அதன் முதன்மையைப் பார்த்தது, இன்றைய பெயர் அதன் நீளத்தைப் பார்க்கிறது. பார்க்கப்படும் பொருள் ஒன்றுதான், பார்க்கும் பக்கம் மாறியிருக்கிறது.

இதைவிடத் துல்லியமாக இந்தச் செய்தியைச் சொன்ன பாட்டு குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு என்பது என் கருத்து. தேவகுலத்தார் பாடிய அந்தப் பாட்டில், தலைவி தன் காதலின் அளவைச் சொல்ல வருகிறாள்: 'நிலத்தினும் பெரிதே, வானினும் உயர்ந்தன்று, நீரினும் ஆர் அளவின்றே'. மூன்று ஒப்புமைகளுக்கும் 'பெரிது' என்ற ஒரே சொல்லை அவள் பயன்படுத்தியிருக்கலாம். யாப்பு இடம் கொடுத்திருக்கும். ஆனால், பரந்த நிலத்துக்குப் 'பெரிது', மேலே எழும் வானத்துக்கு 'உயர்ந்தது', கீழே இறங்கும் நீருக்கு 'அளக்க முடியாதது' என்று பக்கத்துக்கு ஒரு சொல்லாகப் பிரித்துக் கொடுக்கிறாள். அகலமும் உயரமும் ஆழமும் சேர்ந்ததும் அந்த அன்புக்கு ஒரு முழு வடிவம் கிடைத்துவிடுகிறது. ஒருபொருட்சொற்களைப் பற்றி எழுதப்பட்ட எந்த இலக்கணமும் இந்த மூன்று தொடர்களைவிட நன்றாக அந்தப் பாடத்தை நடத்தியதாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, பருமையைச் சொல்லும் சொல்லைத் தேடும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எதைவிட?' என்பது, இரண்டாவது கேள்வி 'எந்தப் பக்கத்தில்?' என்பது.

பருமையும் மிகுதியும்

வடிவம் உள்ள பொருளுக்குப் பக்கங்கள் உண்டு. பசிக்கும் அன்புக்கும் அழகுக்கும் பக்கங்கள் இல்லை. அவை கூடும் அல்லது குறையும். வடிவத்தின் அளவைப் பருமை என்றும், கூடும் குறையும் தன்மையின் உயர்நிலையை மிகுதி என்றும் பிரித்துக்கொண்டால், தமிழ் இலக்கணம் இந்தச் சொற்களை எப்படி வகைப்படுத்தியது என்பது விளங்கும்.

இங்கே ஒரு கலைச்சொல்லை அறிமுகப்படுத்த வேண்டும். பெயருக்கோ வினைக்கோ அடையாக நின்று அதன் பண்பை உணர்த்தும், பெரும்பாலும் செய்யுளில் வழங்கும் சொல்லுக்கு உரிச்சொல் என்று பெயர். தொல்காப்பியம் மிகுதியைக் காட்டும் உரிச்சொற்களாக 'உறு, தவ, நனி' என்ற மூன்றைச் சொல்கிறது. பிற்காலத்து நன்னூல் 'சால உறு தவ நனி கூர் கழி மிகல்' என்று ஆறாக விரிக்கிறது.

இவை செத்துப்போன சொற்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 'அன்புகூர்ந்து வருகை தர வேண்டுகிறோம்' என்று அழைப்பிதழில் அச்சிடுகிறோமே, அந்தக் 'கூர்' மிகுதியைக் காட்டும் கூர்தான். 'சாலச் சிறந்தது' என்று மேடையில் சொல்கிறோமே, அந்தச் 'சால'வும் இந்தப் பட்டியலில் உள்ளதே. 'உறுபசியும் ஓவாப் பிணியும் செறுபகையும் சேராது இயல்வது நாடு' என்னும் குறள் 734-இல் உள்ள 'உறுபசி' மிகுந்த பசியாகும். அந்த இடத்தில் 'பெரும்பசி' என்றும் சொல்லலாம். ஆனால், 'வியன்பசி' என்று சொல்ல முடியாது. பசிக்கு அகலம் கிடையாது.

பருமைக்கும் மிகுதிக்கும் இடையிலான கோடு எல்லாக் காலத்திலும் ஒரே இடத்தில் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு 'சிறியகட் பெறினே எமக்கு ஈயும் மன்னே' என்று தொடங்குகிறது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான் என்பது பொருள். அடுத்து 'பெரியகட் பெறினே' என்று வருகிறது. நிறையக் கிடைத்தால் என்று பொருள். இன்று 'பெரிய பால்', 'சிறிய தண்ணீர்' என்று யாரும் சொல்வதில்லை; நீர்ப்பொருளுக்கு 'நிறைய', 'கொஞ்சம்' என்ற சொற்களே வேண்டும். அன்றைய தமிழில் 'பெரிய' என்ற சொல் இந்தக் கோட்டை எளிதாகத் தாண்டியிருக்கிறது. அதே பாட்டு 'ஈயாது வீயும் உயிர் தவப் பலவே' என்று முடிகிறது. பிறருக்கு எதுவும் கொடுக்காமல் மாய்ந்துபோகும் உயிர்கள் மிகப் பல என்று அது சொல்கிறது. 'பல' என்பது எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையின் மிகுதியைக் காட்டவே 'தவ' வந்து நிற்கிறது.

ஒரு சொல்லுக்குள் பல பொருள்

இதுவரை ஒரு பொருளுக்குப் பல சொற்கள் இருப்பதைப் பார்த்தோம். தலைகீழான நிலையும் உண்டு. ஒரே சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்கலாம். திவாகர நிகண்டின் பதினோராம் தொகுதிக்கு 'ஒருசொல் பல்பொருட்பெயர்த் தொகுதி' என்றே பெயர். நிகண்டு என்பது ஒரு பொருளுக்குரிய பல பெயர்களையும் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களையும் மனப்பாடம் செய்வதற்கு ஏற்ற நூற்பாக்களில் தொகுத்துத் தரும் பழைய அகராதி வகை.

'தடவும் கயவும் நளியும் பெருமை' என்று தொல்காப்பியம் மூன்று சொற்களை ஒரே கயிற்றில் கட்டுகிறது. 'தடக்கை' என்றால் பெரிய கை, 'நளிமலை' என்றால் பெரிய மலை, யானையின் 'கயவாய்' என்றால் பெரிய வாய். இதோடு நின்றுவிட்டிருந்தால் மூன்றும் ஒன்றே என்று நாம் முடிவு செய்துவிடலாம். ஆனால், தொல்காப்பியர் உடனடியாக அடுத்த நூற்பாக்களில் அந்தக் கயிற்றைப் பிரிக்கிறார். 'தட' என்பதற்கு வளைவு என்ற பொருளும் உண்டு என்கிறார். 'தடமருப்பு எருமை' என்று நற்றிணை சொல்வது வளைந்த கொம்புடைய எருமையை. 'கய' என்பதற்கு மென்மை என்ற பொருளும், 'நளி' என்பதற்குச் செறிவு என்ற பொருளும் உண்டு என்கிறார். இந்தக் கூடுதல் பொருள்கள் 'பெரிய' என்ற பொருளோடும் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது. நளிமலை என்று படிக்கும்போது வெறும் பெரிய மலை தோன்றுவதில்லை, அடர்ந்த பெரிய மலை தோன்றுகிறது.

'மா' என்ற ஓரெழுத்துச் சொல் இதில் இன்னும் வளமானது. மா என்றால் மாமரம். மா என்றால் விலங்கு. மா என்றால் கருமை. மா என்றால் அரைத்த மாவு. வேலி என்ற பழைய நில அளவில் 20-இல் ஒரு பங்கும் மா. இத்தனைக்கும் நடுவில்தான் 'பெரிய' என்ற பொருளும் அதற்கு இருக்கிறது. 'இரு' என்ற சொல்லும் 'மா'வைப் போலவே பெருமை, கருமை என்ற இரண்டையும் குறிக்கும். சங்கப் பாடல்களில் இந்த இரண்டு சொற்களும் யானை, கடல், மேகம் போன்றவற்றுக்கு முன்னால் மீண்டும் மீண்டும் வருகின்றன. இவை எல்லாமே பெரியவை, எல்லாமே கரியவை. 'இருங்கடல்' என்பது பெரிய கடலா, கரிய கடலா என்று உரையாசிரியர்கள் ஒரு பக்கம் சாய வேண்டியிருக்கிறது. பாட்டைக் கேட்டவர்கள் இரண்டையும் ஒன்றாகவே கண்டிருக்கக்கூடும்.

சொல்லின் பொருள் காலத்தோடு சுருங்குவதற்கும் 'மா' சான்று தருகிறது. நற்றிணையின் கடவுள் வாழ்த்து 'மாநிலம் சேவடி ஆக' என்று தொடங்குகிறது. அங்கே மாநிலம் என்பது திருமாலின் திருவடியாக உருவகிக்கப்படும் பெரிய உலகம் முழுவதும். இன்று மாநிலம் என்பது ஒரு நாட்டின் ஆட்சிப் பிரிவு. உலகம் முழுவதையும் குறித்த சொல், வரைபடத்தில் எல்லைக்கோடு போட்ட ஒரு பகுதிக்குப் பெயராகிவிட்டது. 'மா' அதில் இன்னும் இருக்கிறது. ஆனால், மாநிலம் என்று சொல்லும்போது யாரும் பருமையை நினைப்பதில்லை.

சுருக்கமாகச் சொன்னால், பருமையைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லும் வேறு சில பொருள்களையும் தன்னோடு கொண்டுவருகிறது. அந்தத் துணைப் பொருள்களே இரண்டு ஒருபொருட்சொற்களை இரண்டாகவே வைத்திருக்கின்றன.

உடலின் அளவிலிருந்து மதிப்பின் அளவுக்கு

பெருமை என்ற சொல்லுக்கு இன்று நாம் முதலில் கொள்ளும் பொருள் 'மகனை நினைத்துப் பெருமைப்பட்டார்' என்பதில் உள்ள மனநிறைவுதான். இலக்கணத்தில் பெருமை என்பது பெரியதாக இருக்கும் தன்மை, சிறுமைக்கு எதிர்ச்சொல். பருமையைக் குறித்த சொல் மதிப்பைக் குறிக்க வந்த இந்த நகர்வு மிகப் பழையது. 'செயற்கரிய செய்வார் பெரியர்' என்னும் குறள் 26-இல் பெரியர் என்பது உருவத்தால் பெரியவரும் அல்லர், வயதால் பெரியவரும் அல்லர், செயலால் பெரியவர். உதவியின் நன்மையைக் கடலோடும் (குறள் 103), அடக்கமுடையவரின் தோற்றத்தை மலையோடும் (குறள் 124) ஒப்பிட்டுப் 'பெரிது' என்று வள்ளுவர் சொல்லும்போது, கண்ணால் காணும் பருமையைக் கொண்டே காணாத மதிப்பை அளக்கிறார்.

இந்த நகர்வில் ஒரு சிக்கல் உண்டு. 'அவர் பெரியவர்' என்றால் எதில் என்று கேட்க வேண்டியிருக்கிறது: வயதிலா, செல்வத்திலா, பதவியிலா, பண்பிலா? கணியன் பூங்குன்றனார் இந்தக் கேள்விக்கு இடமே வைக்கவில்லை. 'மாட்சியின் பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே' என்று பாடும்போது 'மாட்சியின்' என்று அளவுகோலை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் அடியின் பொருள் தளர்ந்துவிடும்.

ஒரே வேரிலிருந்து பிறந்த இரண்டு சொற்கள் எதிரெதிர்ப் பக்கங்களுக்குச் செல்வதும் இங்கே நடந்திருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் 'கல்வி, தறுகண், புகழ்மை, கொடை' என்ற நான்கிலிருந்து பிறக்கும் உயர்ந்த உணர்வைப் 'பெருமிதம்' என்கிறது. திருக்குறளோ 'பெருமை பெருமிதம் இன்மை, சிறுமை பெருமிதம் ஊர்ந்து விடல்' (குறள் 979) என்கிறது. இங்கே பெருமிதம் செருக்கு. அது இல்லாதிருப்பதே பெருமை. முதல் நூலில் போற்றப்பட்ட சொல், இரண்டாம் நூலில் தவிர்க்கப்பட வேண்டியதாக நிற்கிறது. இன்றைய வழக்கில் பெருமிதம் மீண்டும் நல்ல பொருளுக்கே திரும்பியிருக்கிறது. அகராதியில் 'பெருமை = பெருமிதம்' என்று மட்டும் படித்துவிட்டு இந்தக் குறளைத் திறப்பவருக்கு முதல் அடியே முரணாகத் தெரியும்.

பெரு, பெரும், பேர்

இவை மூன்று தனிச் சொற்கள் அல்ல. பெருமை என்ற பண்புப்பெயர், அதாவது ஒரு பண்புக்கு இடப்பட்ட பெயர், பின்னால் வரும் எழுத்துக்கு ஏற்ப எடுக்கும் வடிவங்கள். உயிரெழுத்து வந்தால் முதல் எழுத்து நீண்டு 'பேர்' ஆகும்: பேரன்பு, பேரிழப்பு, பேருந்து. க, ச, த, ப வரிசை வந்தால் அதற்கு இனமான மெல்லெழுத்து தோன்றும்: பெருங்கடல், பெருஞ்செல்வம், பெருந்தலைவர், பெரும்படை. ம, ந, வ வந்தால் எதுவும் தோன்றாது: பெருமழை, பெருநகர், பெருவெள்ளம். இதை மட்டும் நினைவில் வைத்தால் 'பேர்மழை', 'பெரும் அன்பு' போன்ற வடிவங்களைத் தவிர்த்துவிடலாம்.

வடிவத்தைவிட முக்கியமான ஒன்று, இப்படிச் சேர்ந்த சொற்கள் பல நேரங்களில் தனிப் பொருளைப் பெற்றுவிடுகின்றன என்பது. 'மருத்துவராக வேண்டும் என்பது அவளுடைய பெரிய ஆசை' என்று சொல்லலாம். அதையே 'பேராசை' என்றால் அவளை இழிவுபடுத்தியதாகிவிடும். பெருமூச்சு என்பது அளவில் பெரிய மூச்சு மட்டுமல்ல, துயரத்தாலோ நிம்மதியாலோ வெளிவரும் மூச்சு. பெரியம்மா என்பவர் உருவத்தில் பெரிய அம்மா அல்லர். 'பெரிய'வை எடுத்துவிட்டு 'பெரு'வை வைப்பதுகூடப் பொருளை மாற்றிவிடும் என்றால், வேறு வேரிலிருந்து வந்த சொல்லை வைக்கும்போது எவ்வளவு கவனம் வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

வடமொழியிலிருந்து வந்த பெருஞ்சொற்கள்

இன்றைய செய்தித்தாள் தமிழில் பருமையைச் சொல்லும் சொற்களில் ஒரு பகுதி வடமொழியிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றும் தான் பிறந்த இடத்தின் நிறத்தோடு வந்திருக்கிறது. பிரம்மாண்டம் என்பது பிரமனின் முட்டை, அதாவது அண்டம் முழுவதும். அபாரம் என்பது கரை இல்லாதது. இமாலயம் ஒரு மலைத்தொடரின் பெயர். அது உயரத்தைச் சுட்டுவதால்தான் 'இமாலய வெற்றி', 'இமாலய இலக்கு' என்று எட்ட வேண்டியவற்றோடு சேர்கிறது. விசாலம் அகலத்துக்கு உரியது. விசாலமான அறை, விசாலமான மனம் என்று சொல்லலாம், விசாலமான கோபுரம் என்று சொன்னால் கேட்பவர் மனத்தில் கோபுரத்தின் உயரம் எழாது. பூதாகரமும் ராட்சதமும் அச்சத்தைக் கொண்டுவருகின்றன. அதனால்தான் பிரச்சினை பூதாகரமாகிறது, அலை ராட்சத அலையாகிறது, ஆனால் ஒருவருடைய உதவி ஒருபோதும் பூதாகரமாவதில்லை. மகத்தான என்பது மதிப்பின் பக்கம் நிற்பது. மகத்தான தியாகம் உண்டு, மகத்தான பாறை இல்லை.

இவற்றுள் வழிமாறி வந்த சொல் அமோகம். வடமொழியில் அதற்கு 'வீண்போகாதது' என்று பொருள். விளைச்சல் வீண்போகாமல் இருந்தால் நிறையக் கிடைக்கும் என்பதாலோ என்னவோ, தமிழில் அது மிகுதியைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. அமோக விளைச்சல் என்றால் இன்று ஏராளமான விளைச்சல்தான்.

இலங்கைத் தமிழில் 'பாரிய' என்ற சொல் நாள்தோறும் வழங்குகிறது. 'பாரிய அபிவிருத்தித் திட்டம்', 'பாரிய விபத்து' என்று அங்கே செய்தியாளர்கள் எழுதும் இடங்களில் தமிழ்நாட்டுச் செய்தித்தாள் 'மிகப்பெரிய' அல்லது 'பெரிய அளவிலான' என்று எழுதும். இது சரி தவறு என்ற வேறுபாடல்ல. ஒரே மொழி இரண்டு நிலங்களில் ஒரே தேவைக்கு இரண்டு சொற்களைப் பழக்கப்படுத்திக்கொண்டிருக்கிறது. இப்படிச் சில சொற்கள் சில சொற்களோடு மட்டும் பழகி இணைவதற்குச் சொல்லிணைவு என்று பெயர். 'பாரிய' என்பது திட்டத்தோடும் விபத்தோடும் இணைகிறது. அங்கேகூடப் பாரிய விரல் என்று யாரும் சொல்வதில்லை.

சொற்களை அடுக்கலாமா?

'மாபெரும்' என்ற சொல்லில் மா, பெரு ஆகிய இரண்டு பெருமைச் சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 'கழிபேருவகை' என்பதில் கழி மிகுதியையும் பேர் பெருமையையும் காட்டுகின்றன. இது பிழையா என்ற ஐயம் தொடக்கநிலையில் எழுதுபவர்களுக்கு அடிக்கடி வருகிறது. பிழையன்று. ஒரே பொருளைத் தரும் பல சொற்கள் சிறப்புக் கருதி ஓரிடத்தில் சேர்ந்து வருவதை ஒருபொருட்பன்மொழி என்று நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. 'ஒருபொருட் பன்மொழி சிறப்பினின் வழாஅ' என்பது அதன் விதி. 'நிவந்தோங்கு பெருமலை' என்பதை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். நிவத்தல், ஓங்கல் ஆகிய இரண்டுமே உயர்தல்.

அந்த விதியில் உள்ள 'சிறப்பினின்' என்ற சொல்லைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். அடுக்கினால் சிறப்பு கூட வேண்டும். மலையின் உயரத்தைப் பார்த்து மலைத்துப்போன ஒருவரின் குரல் 'நிவந்தோங்கு' என்பதில் கேட்கிறது. 'மாபெரும் பிரம்மாண்ட மகத்தான விழா' என்ற சுவரொட்டியில் அப்படி எதுவும் கேட்பதில்லை. மூன்று சொற்களும் மூன்று பக்கங்களைச் சொல்ல வேண்டியவை, ஆனால் எந்தப் பக்கத்தையும் சொல்லாமல் நிற்கின்றன. அந்த விழாவுக்கு நிறையப் பேர் வருவார்கள் என்பது செய்தியானால் 'பெருந்திரள்' என்ற சொல் இருக்கிறது. பந்தல் பரந்தது என்பது செய்தியானால் 'அகன்ற' அல்லது 'விசாலமான' இருக்கிறது. நெடுநாள் நடக்கும் என்பது செய்தியானால் 'நீண்ட' இருக்கிறது. சிறப்புடைய விழா என்பது செய்தியானால் 'மகத்தான' ஒன்றே போதும். எதைச் சொல்ல விரும்புகிறோம் என்று தீர்மானித்த பிறகு அகராதியைத் திறந்தால், பட்டியலில் உள்ள பத்துச் சொற்களில் எட்டு தாமாகவே விலகிவிடும். மீதமுள்ள இரண்டில் ஒன்றை, பின்னால் வரும் பெயர்ச்சொல்லோடு சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத் தேர்ந்துகொள்ளலாம்.